கட்டாத வீட்டைக் காட்டும் தொழில்: த்ரீடி எலிவேஷன் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்தில் யாராவது வீடு கட்டத் தொடங்கினால், வானம் தோண்டும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிடுகிறது. முகப்பு, பால்கனி, பெயிண்ட் நிறம், போர்டிகோவில் நிற்கும் கார் வரை எல்லாம் அதில் இருக்கும். துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரி என்கிறார், பணமும் அனுப்புகிறார். நம் பக்கத்தில் இதை 'த்ரீடி எலிவேஷன்' என்போம். படத்தைச் செய்தவர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இது தனியாகவே ஒரு தொழில். வளைகுடா நகரங்களில் அடித்தளம் போடும் முன்பே அடுக்குமாடி வீடுகள் விற்கப்படுவது இப்படிப்பட்ட படங்களை வைத்துத்தான். நாற்காலி, மேசை விற்கும் இக்கியா நிறுவனமே 2006இல் ஒரு நாற்காலியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கித் தன் விற்பனைப் பட்டியலில் போட்டுப் பார்த்தது. பிறகு அந்த வழியிலேயே வெகுதூரம் போய்விட்டது. ஒரு கம்ப்யூட்டரும் இணையமும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால், வெளியூர் போய் வேலை பார்க்க முடியாத நம் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

வேலை இதுதான்: இன்ஜினியர் தரும் ஆட்டோகேட் வரைபடத்தை வைத்து கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் அளவு பிசகாமல் எழுப்ப வேண்டும். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பா, கல்லா, டைல்ஸா என்று பொருள் கொடுத்து, வெளிச்சம் அமைத்து, படமாக எடுக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் ரெண்டர் என்று பெயர். சிவில் டிப்ளமோ படித்தவர்களுக்கும், ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு சிவில் படவரைவாளர் பிரிவு முடித்தவர்களுக்கும் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மற்றவர்கள் பிளான் படிக்கக் கற்றுக்கொண்டு வரவேண்டும். மென்பொருளை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். படிக்கட்டு எத்தனை அங்குலம் ஏறும், லிண்டல் எங்கே வரும் என்பது தெரியாதவர் செய்யும் படத்தைக் கொத்தனார் பார்த்துச் சிரிப்பார்.

மென்பொருளுக்காகக் கடன்பட வேண்டியதில்லை. 'பிளெண்டர்' முழுவதும் இலவசம். 2002இல் அதைப் பயன்படுத்தியவர்கள் உலகெங்கும் சேர்ந்து ஒரு லட்சம் யூரோ திரட்டி, அதன் மூலநிரலைப் பொதுச்சொத்துப் போல எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சுவர், மரம், துணி ஆகியவற்றின் பரப்புப் படங்களை 'பாலி ஹேவன்' தளத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். இவ்வளவு இருந்தும், பூட்டுடைத்த 'த்ரீடி எஸ் மேக்ஸ்' மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கித் தொடங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்து ஹலாலான சம்பாத்தியத்துக்கு அடித்தளம் போட முடியுமா என்று பெற்றோரே கேட்கலாம். கம்ப்யூட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 32 ஜிபி ரேமும், 8 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். அதே விலைக்கு லேப்டாப்பைவிட டெஸ்க்டாப்பில் அதிக வேகம் கிடைக்கும். மின்வெட்டில் இரவு முழுவதும் ஓடிய ரெண்டர் பாழாகாமல் இருக்க ஒரு யுபிஎஸும் தேவை. தவணைக்கு வாங்கி வட்டியில் சிக்குவதைவிட, பழைய கம்ப்யூட்டரில் பழகிக்கொண்டே சேமித்து வாங்குவது மேல்.

எதைச் செய்து பழகுவது? வெளிநாட்டுப் பயிற்சி வீடியோவில் வரும் கண்ணாடி வீட்டையே எல்லோரும் செய்கிறார்கள். அதைப் பார்க்கும் இன்ஜினியருக்கு இவருக்கு என்ன தெரியும் என்பது தெரியாது. நமக்குப் பக்கத்திலேயே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழகத்தில் இருப்பது இது ஒன்றுதான். கல்யாண மஹாலும் நெற்களஞ்சியமும் அங்கே இருக்கின்றன. 1717-18இல் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. அதன் ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் அஸர் நேரத்திலும் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அதை அப்படியே கம்ப்யூட்டரில் கொண்டுவர முயலட்டும். கைபேசியில் படம் எடுத்தால் போதும். முக்காலிக்கும் ட்ரோனுக்கும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

வெயிலைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஐரோப்பியப் பயிற்சிகளில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும். நாம் இருப்பது ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நமக்கு நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் டிசம்பர் நண்பகலில் வெயிலே விழாது. ஜூனில் செங்குத்தாக இறங்கும், சன்ஷேடின் நிழல் சுவரில் நீளமாக விழும். பிளெண்டரில் ஊரின் அட்சரேகையையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியன் சரியான இடத்தில் வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கு இது அழகுக்காக மட்டும் தேவைப்படுவதில்லை. எந்த ஜன்னலுக்கு சன்ஷேட் பெரிதாக வேண்டும் என்பதையும் படமே சொல்லிவிடும்.

பள்ளிவாசல் வேலை வந்தால் இந்தத் துல்லியம் இன்னும் முக்கியம். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. மனை சரியாகத் திசைகளுக்கு நேராக இருந்து, சுவரையும் அப்படியே எழுப்பினால், 30 அடி நீளமுள்ள ஸஃப் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் ஏறக்குறைய 10 அடி விலகிவிடும். முன் மூலையிலும் பின் மூலையிலும் முக்கோணமாக இடம் வீணாகும். நன்கொடை திரட்டுவதற்காக அச்சிடும் படத்தில் கோடுகளைச் சுவருக்கு இணையாகப் போட்டு அழகாகக் காட்டிவிடுவது எளிது. கட்டி முடித்துக் கார்ப்பெட் விரிக்கும் நாளில்தான் எத்தனை பேருக்கு இடம் போயிற்று என்று தெரியும். ஸஃபைச் சரியான சாய்வில் போட்டு, இத்தனை பேர் தொழலாம் என்று முதலிலேயே காட்டும் பிள்ளை ஜமாஅத்துக்குப் பல லட்ச ரூபாய் வீணாகாமல் தடுக்கிறார்.

இந்தத் தொழிலில் பொய் சொல்வது மிகச் சுலபம். 12 அடி சந்தை 40 அடி ரோடாக்கலாம். பக்கத்து வீட்டை அழித்துவிட்டு அங்கே மரம் வைக்கலாம். கேமராவின் கோணத்தைக் கொஞ்சம் விரித்தால் பத்தடி அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். விற்பவர் அதைத்தான் கேட்பார். வாங்குபவர் ஆயுள் சேமிப்பைக் கொண்டுவந்து அந்தப் படத்தின் மேல் வைக்கிறார். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்கு, விற்கும் நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. படம் செய்தவர் பெயர் அதில் வராமல் போகலாம். ஆனால் அளவுகள் அவர் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம். 'வரைபடத்தில் உள்ளபடியே செய்வேன், இல்லாததைச் சேர்க்கமாட்டேன்' என்று முதல் நாளே சொல்லிவிடும் பிள்ளைக்குச் சில வேலைகள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

கூலியை எப்படி நிர்ணயிப்பது? பக்கத்துக் கடைக்காரர் 500 ரூபாய்க்குச் செய்கிறார் என்று நாமும் இறங்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, 90,000 ரூபாய் கம்ப்யூட்டர் மூன்று வருடம் உழைத்தால் மாதம் 2,500 ரூபாய். மின்சாரம், இணையம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 4,000. மாதம் நான்கு படம் செய்பவருக்கு ஒரு படத்துக்கு 1,000 ரூபாய் செலவிலேயே போய்விடுகிறது, உழைப்புக்கான கூலி அதற்கு மேல்தான். இந்தக் கணக்கைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஆண்டில் மாதச் சம்பளம் போல எதிர்பார்த்து, கிடைக்கவில்லை என்றதும் பிள்ளையைக் கடையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

முதல் வேலை பெரும்பாலும் இணையத்தில் கிடைக்காது. செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலையில் உள்ள சிவில் இன்ஜினியர்களிடம் நான்கு நல்ல படங்களோடு நேரில் போவதுதான் வழி. வளைகுடாவில் கட்டுமான நிறுவனங்களில் இருக்கும் உறவினர்களிடமும் அந்த நான்கையும் அனுப்பி வைக்கலாம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னால் என்பதால் பேசி வேலை செய்வது எளிது. வேலை தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் அது மோசடி. விசிட்டிங் கார்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம்.

தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்க வேண்டும். எத்தனை திருத்தம் வரை இலவசம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும், வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும். மீதிப் பணம் வரும்வரை சிறிய அளவில், குறுக்கே பெயர் போட்ட படத்தை மட்டும் அனுப்பினால் போதும்.