கங்கைகொண்டசோழபுரம் உடையாமல் வர

'பெரம்பலூர்' என்பதில் கண்ணுக்குத் தெரிவது 6 எழுத்து. கணினிக்குள் இருப்பதோ 10 யூனிகோடு குறியெண்கள். முதலெழுத்திலேயே சிக்கல்: பகரம் முதலில் பதிவாகும், ஒற்றைக்கொம்பு அதற்குப் பிறகு. திரையிலோ கொம்பு இடப்பக்கம் தாவியாக வேண்டும்.

அரியலூரில் கொம்பில்லை, பிழைத்தது. ஆனால் அதே மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரம், எழுத்தைத் திரையில் காட்டும் நிரலைச் சோதிப்பவருக்கு நல்ல வேட்டை. 'கை'யின் குறி இடப்புறம் வரவேண்டும். 'கொ', 'சோ' இரண்டிலும் குறி இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டும். போதாக்குறைக்கு, அந்தக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். எப்படிப் பதிந்தாலும் தோற்றம் ஒன்றாக இருக்கவேண்டும்.

குறிகளை இப்படி உரிய இடத்தில் அமைக்கும் வேலையைச் செய்கிற நிரல்களில் முக்கியமானது ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இருக்கிறது; கட்டற்ற மென்பொருள். லிப்ரே ஆஃபீஸ் 2017இல் வந்த 5.3 பதிப்பில்தான் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதையே கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொன்றிலும் வேறு வேறு இயந்திரம். ஒரே ஆவணம் இடத்துக்கு இடம் வேறு மாதிரி மடங்கும்.

ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஹார்ஃப்பஸைப் புதிதாக எழுதியபோது, விக்கிப்பீடியாவிலிருந்து சொற்பட்டியல்களைத் திரட்டினார். தமிழுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சொல்லையும் விண்டோஸின் எழுத்து இயந்திரமான யூனிஸ்கிரைப் தரும் வடிவத்தோடு ஒப்பிட்டார்கள். முரண்பட்டால் தப்பு யாருடையது என்று பார்ப்பதுதான் உண்மையான உழைப்பு.

திருத்திய பிழை திரும்ப வராதிருக்க, அதையே சோதனையாக்கி வைக்கிறார்கள்: எழுத்துரு எது, உள்ளே போகும் குறியெண்கள் எவை, வெளியே வரவேண்டிய வடிவங்கள் எவை. ஒரு வரிதான். யாராவது நிரலில் கைவைத்தால் வெவ்வேறு இயங்குதளங்களில் இந்த வரிகள் தாமாகவே ஓடும். தாறுமாறான எழுத்துருக்களை வேண்டுமென்றே ஊட்டி, நிரல் விழுகிறதா என்றும் பார்ப்பார்கள். வீண் வேலையில்லை. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று ஐபோன் செயலிகளை முடக்கியது. ஆப்பிள் தன் எழுத்து இயந்திரத்தைச் சரிசெய்ய ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை அவசரமாக வெளியிட்டது.

உங்கள் ஊர்ப் பெயர் எங்காவது உடைந்து, கொம்பு தனியே புள்ளிவட்டத்தோடு நின்றால், ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். அந்தச் சொல்லையே நகலெடுத்து, எழுத்துருவின் பெயரும் செயலியின் பதிப்பும் சேர்த்து, அந்தச் செயலியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுங்கள்.