சொந்தப் பதிப்பு: வத்தலகுண்டு காட்டிய வழி

திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடியில் பஸ் ஏறிச் செம்பட்டியில் மாறினால் வத்தலகுண்டு பக்கம்தான். தமிழ் எழுத்துக்கு அந்த ஊர் கொடுத்தவர்கள் பலர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமய்யர் அந்த ஊர்க்காரர். ‘மணிக்கொடி’ இதழை நடத்திய பி.எஸ். ராமையாவும் அந்த ஊர்தான். சின்னமனூரில் பிறந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். சொந்தமாகப் புத்தகம் போட நினைக்கும் எவருக்கும் இவர்களில் செல்லப்பாவின் வாழ்க்கையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கன்னிவாடி வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் மலையடிவாரத்து மானாவாரி விதைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, நானே பதிப்பித்து, நானே விற்று வருகிறேன். “டீச்சர், எங்கிட்டயும் ஒரு நோட்டு நெறையா எழுதி வச்சிருக்கேன், எப்படிப் புத்தகமாக்குறது?” என்று கேட்டு இப்போது பலர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

செல்லப்பா சுமந்தது

1959 ஜனவரியில் செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். பெரிய பத்திரிகைகள் இடம் தராத விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் அது வீடாக இருந்தது. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. கூடவே ‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். ஜல்லிக்கட்டைக் களமாகக் கொண்ட அவருடைய ‘வாடிவாசல்’ குறுநாவல் அப்படி வந்ததுதான். ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, பல கவிஞர்களைச் சேர்த்துத் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ ஆகிய கவிதை நூல்களும் அங்கிருந்தே வந்தன.

அச்சடித்த புத்தகங்களைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டில் உட்காரவில்லை. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் பார்த்துப் பேசி விற்றார். எழுதியவர், தொகுத்தவர், புரூஃப் பார்த்தவர், விற்றவர் எல்லாம் ஒரே ஆள்.

கடைசிவரை அவர் அப்படியே இருந்தார். விடுதலைப் போராட்டத்தை வைத்து எழுதிய ‘சுதந்திர தாகம்’ என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாக 1997இல் தாமே வெளியிட்டார். அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலைப் போட இன்னொருவர் முன்வரட்டும் என்று அவர் காத்திருந்தால், அது அவர் கண்முன் புத்தகமாகியிருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இது அவரோடு தொடங்கிய வழக்கமும் இல்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1849இலேயே சொந்தமாக அச்சகம் வைத்தார். உ.வே. சாமிநாதையர் 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்தபோது, வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். இன்று நாம் முன்பதிவு என்று சொல்வது அதைத்தான். பாரதியார் 1920இல், தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட ஒரு திட்டம் போட்டு நண்பர்களிடம் கடன் கேட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் விற்பதுபோல் தமிழ்ப் புத்தகம் வீட்டுக்கு வீடு விற்க வேண்டும் என்பது அவர் கனவு. கடன் கொடுக்கப் போதிய ஆள் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

இவர்கள் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர், அச்சடிக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வாசகரைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். அந்த வாசகர் யார், எங்கே இருக்கிறார் என்பதை அச்சகத்துக்குப் போகும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

வாசகரோடு எழுதுவது

என் நூலுக்கு வாசகர் யார்? இருங்குச் சோளத்தையும் தலைவிரிச்சான் சோளத்தையும் இன்னும் மறக்காத விவசாயிகள், ரெட்டியார்சத்திரம் பக்கத்து விதை உற்பத்தியாளர்கள், காந்திகிராமப் பல்கலைக்கழகத்து மாணவர்கள், இங்கிருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள். இந்த நான்கு கூட்டத்தையும் மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

கைப்பிரதி தயாரானதும் தருமத்துப்பட்டியிலும் எங்கள் ஊரிலும் வயதானவர்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். “அந்த எடத்துல நிறுத்தும்மா, புரட்டாசிப் பட்டத்துல மண்ணு எந்தப் பதத்துல இருக்கணும்னு நீ இன்னும் சொல்லல” என்று ஒரு பெரியவர் இடைமறித்தார். அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கமே கூடுதலாக வளர்ந்தது. எந்த நூலுக்கும் இந்த வாசிப்பு உதவும். கதையானாலும் வரலாறானாலும், அந்தப் பொருளை வாழ்ந்து அறிந்த இருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அதன் பிறகு நூலைச் செம்மை செய்ய ஒருவரையும், புரூஃப் பார்க்க வேறொருவரையும் அமர்த்துங்கள். செம்மை பார்க்கிறவர் எது தேவை, எது வேண்டாம், எது முன்னால் வர வேண்டும் என்று பார்ப்பார். புரூஃப் பார்க்கிறவர் ஒற்றுப் பிழையையும் எழுத்துப் பிழையையும் பிடிப்பார். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அட்டையின் பளபளப்பில் குறையுங்கள், இந்த இரண்டு வேலையிலும் குறைக்காதீர்கள்.

அச்சகத்துப் பேச்சு

அச்சகத்தில் கணக்குப் பேசுவது ஃபாரத்தில். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆகவே 128 பக்கப் புத்தகம் 8 ஃபாரம். 130 பக்கமாக வந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காகச் செலவு ஏறும், அல்லது வெற்றுத் தாள்கள் மிஞ்சும். லே-அவுட் செய்யும்போதே ஃபாரத்துக்குள் அடக்கிவிடுவது நல்லது. உள்பக்கத்துக்கு மேப்லித்தோ தாளும் நடுத்தர வயதுக்காரர் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு எழுத்தும் கேளுங்கள். தட்டச்சை யூனிகோடில் செய்து வையுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தது, பின்னால் மின்னூலாக்கும்போது தொல்லை தரும்.

ஆஃப்செட் அச்சில் பிளேட் போடும் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் பிரதி கூடக் கூட ஒரு பிரதியின் அடக்கம் குறையும். “ஆயிரமாப் போட்டுருங்க டீச்சர், சல்லிசா முடியும்” என்று என்னிடமும் சொன்னார்கள். ஆனால் அடக்கவிலை குறைந்தாலும், விற்காத எண்ணூறு புத்தகங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தால் அவை அத்தனையும் நஷ்டம். இப்போது டிஜிட்டல் அச்சில் 50 பிரதி, 100 பிரதி என்று எடுக்க முடிகிறது. ஒரு பிரதிக்கு விலை கொஞ்சம் கூடும், ஆனால் கையைக் கடிக்காது. விற்ற பிறகு மறுபடி அடிக்கலாம். முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து அடித்தேன் நான். முதல்முறை எழுதுகிறவருக்கு அதுவே போதும்.

எண்ணும் சட்டமும்

ஐ.எஸ்.பி.என். என்ற 13 இலக்க எண் புத்தகத்துக்கு அடையாள எண். இந்தியாவில் இதை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. ஆசிரியரே பதிப்பாளர் என்ற முறையில் நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்குத் தனி எண். பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் நிறுவனத்திடம் போனால், எண் யார் பெயரில் பதிவாகிறது, அச்சுக் கோப்பு யார் கையில் இருக்கும், மறுபதிப்பு உரிமை யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதிய உடனே உரிமை உங்களுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இன்னொரு கடமையைப் பலர் அறியவில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மேலும் மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். இதை நான் பாரமாக நினைக்கவில்லை. கன்னிவாடி அடிவாரத்துச் சோளத்தைப் பற்றிய புத்தகம் கன்னிமாராவில் நூறு ஆண்டு கழித்தும் ஒருவருக்குக் கிடைக்கும் என்றால், அது நமக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை.

விலையும் விற்பனையும்

புத்தகக் கடைக்கு விலையில் 35, 40 விழுக்காடு வரை கழிவு போகும். 150 ரூபாய் புத்தகத்தில் 40 விழுக்காடு போனால் கையில் 90 ரூபாய். அதற்குள் அச்சுச் செலவும் போக்குவரத்தும் அடங்கி, அடுத்த பதிப்புக்கும் மிஞ்ச வேண்டும். கடைப் பணம் மெதுவாகத்தான் வரும். நேரில் விற்கும் பிரதி முழு விலையைத் தரும். ஆகவே கடையை விடாதீர்கள், ஆனால் கடையை மட்டும் நம்பாதீர்கள்.

தபாலில் அனுப்ப இப்போது ஒரு வசதி இருக்கிறது. 2025 மே 1 முதல் அஞ்சல் துறை ‘கியான் போஸ்ட்’ என்ற சேவையை நடத்துகிறது. கல்வி, பண்பாடு சார்ந்த நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய்க்கும் அனுப்பலாம், வரி தனி. பொதி எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன், போனில் பணம் அனுப்பிவிட்டு முகவரியை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும்.

சென்னை மாகாணத்தில் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பயனாக இன்றும் நம் அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். தமிழ் வளர்ச்சித் துறையிலும் நூல் வெளியிட உதவித்தொகைத் திட்டம் உண்டு. ஆனால் இவை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி அச்சடிக்க வேண்டாம்.

மின்னூலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அமேசான் கிண்டிலில் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்கள் அதிகாரபூர்வமாக வருகின்றன. நாமே ஏற்றலாம், கட்டணமில்லை. விற்ற விலையில் 35 அல்லது 70 விழுக்காடு ஆசிரியருக்கு. இந்திய விற்பனையில் 70 விழுக்காட்டுக்கும், சந்தாதாரர்கள் படித்த பக்கக் கணக்கில் வரும் பணத்துக்கும், மின்வடிவை வேறெங்கும் தராமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கையெழுத்திடும் முன் அதைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டுத் தமிழருக்கு இதுவே எளிய வழி. எங்கள் ஊர் விவசாயிக்கோ அச்சுப் புத்தகம்தான்.

ஊருக்குச் சொல்வது

விளம்பரம் என்றதும் பலர் கூச்சப்படுகிறார்கள். நம் புத்தகத்தை நாமே எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார்கள். செல்லப்பா தயங்கவில்லை. அவர் நம்பியதை அவர் சொன்னார், அவ்வளவுதான். நானும் “என் புத்தகம் நல்லா இருக்கு, வாங்குங்க” என்று எங்கும் பேசியதில்லை. விவசாயிகள் கூடும் இடங்களில் அரைமணி நேரம் விதைகளைப் பற்றிப் பேசுவேன். பேச்சு முடிந்ததும் கேட்டு வாங்குகிறார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளிடம் விதைகளைக் கையில் கொடுத்துப் பேசுவேன், அவர்கள் பாட்டியிடம் போய்ச் சொல்வார்கள். திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில், உள்ளூர் எழுத்தாளர் நூல்களை வைத்திருக்கும் அரங்குகளில் இடம் கேட்பேன். பொருளைப் பேசினால் புத்தகம் தானாக விற்கும் என்று சொல்ல மாட்டேன். பொருளைப் பேசிக்கொண்டே இருந்தால் அதைத் தேடும் ஆள் நம்மைக் கண்டுபிடிப்பார் என்பது மட்டும் உறுதி.

இந்த வழியில் பணக்காரராக முடியாது. போட்ட பணம் திரும்பி, அடுத்த பதிப்புக்குக் கொஞ்சம் மிஞ்சினால் அது வெற்றி. ஆனால் வேறு எவரும் எழுத முடியாத புத்தகங்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ இருக்கின்றன. தோணிமலையில் காப்பி பறித்த பெண்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நாற்பது வருடமாகத் தராசு பிடித்தவர்கள், கண்மாய் மடையைத் திறந்து மூடியவர்கள் என ஒவ்வொருவரிடமும் ஒரு நூல் இருக்கிறது. சென்னையில் இருக்கும் பதிப்பகம் அதைத் தேடிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வர வாய்ப்பு குறைவு. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கப் படித்த பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஐம்பது பிரதி அடிக்கும் செலவு ஒரு சின்ன விசேஷத்துக்கு ஆகும் பந்தல் செலவுக்குள் முடியும்.

நோட்டை மூடி வைத்திருக்கும் எல்லோரிடமும் என் வேண்டுகோள் இதுதான். முதலில் உங்கள் வாசகர் என்று நினைக்கும் இருபது பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களிடம் போய், எழுதியதை வாசித்துக் காட்டி, “புத்தகமா வந்தா வாங்குவீங்களா?” என்று கேளுங்கள். பத்துப் பேர் தலையாட்டினால் அச்சகத்துக்குப் போகலாம். யாருமே ஆட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் எழுதுங்கள், திரும்பவும் கேளுங்கள். யாராவது வந்து அனுமதி கொடுக்கட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.