கியர் பெட்டி செத்துவிட்டதா? எண்ணெயைக் கேளுங்கள்!

கிளட்ச்சை மிதித்து, கியரை மாற்றிக் கார் ஓட்டுவது பழைய வழக்கம். அந்த வேலையைக் காரே செய்துகொண்டால்?

அப்படி ஒரு கார் அமெரிக்காவில் 1939-ம் ஆண்டு வெளிவந்தது. அது 'ஓல்ட்ஸ்மொபைல்' காரின் 1940-ம் ஆண்டு மாடல். அதன் கியர் பெட்டிக்கு 'ஹைட்ரா-மேட்டிக்' என்று பெயர். காரில் கிளட்ச் மிதியே இல்லை! 1950-ல் 'செவ்ரலே' காருக்கு 'பவர்கிளைடு' வந்தது. 1964-ல் 'காடிலாக்' கார்களுக்கு 'டர்போ ஹைட்ரா-மேட்டிக்' வந்தது.

இந்தப் பழைய கார்களை ஆசையோடு ஓட்டுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். வயதான கார் ஒரு நாள் தகராறு செய்கிறது. கியரைப் போட்டால் நகர மறுக்கிறது. அல்லது 'தடால்' என்று உதறிக்கொண்டு கியர் மாறுகிறது.

"கியர் பெட்டி போய்விட்டது. முழுவதும் பிரிக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், காரின் சொந்தக்காரருக்குப் பாதி உயிர் போய்விடும். அந்தச் செலவுக்குப் பயந்தே காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. நோயை எண்ணெயே சொல்லிவிடும்!

எண்ணெய்தான் உயிர்

இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். இந்தக் கியர் பெட்டியின் வாசலிலும் அதே வேடிக்கைதான் நடக்கிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய்! ஒரு சக்கரத்தை என்ஜின் சுற்றுகிறது. அது வீசும் எண்ணெய் அடுத்த சக்கரத்தைச் சுற்றுகிறது.

உள்ளே கியரை மாற்றுவதும் எண்ணெய்தான். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தில் கிளட்ச் தட்டுகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடிக்கும். எண்ணெய் குறைந்தால் பிடி தளரும். என்ஜின் மட்டும் உறுமும், கார் நகராது.

பார்ப்பது எப்படி?

முதலில் காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்க வேண்டும். பிறகு சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட வேண்டும். என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். காரோடு வந்த புத்தகம் சொல்லும் இடத்தில் கியர் கம்பி இருக்க வேண்டும்.

இப்போது 'டிப் ஸ்டிக்' என்னும் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்கலாம். எண்ணெய் சூடேறினால் பெருகும். ஆகவே ஆறிய வண்டியில் பார்த்தால் கணக்குத் தவறிவிடும்.

எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது.

கறுத்துப்போய், தீய்ந்த நாற்றம் அடித்தால் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன. பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும்.

பால் கலந்ததுபோல் வெளிறி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் ஓட்டை விழுந்திருக்கலாம். அந்தக் காரை மேலும் ஓட்டக் கூடாது.

நுரைத்திருந்தால் எண்ணெய் அதிகமாக ஊற்றப்பட்டிருக்கலாம். குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து!

எண்ணெய் திருடன்

சில கார்களில் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். அடியில் பார்த்தால் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது. பின்னால் புகைக் குழாயில் மட்டும் வெள்ளைப் புகை கிளம்பும். கியரும் தாமதமாக, உதறலோடு மாறும். திருடன் யார்?

'டர்போ ஹைட்ரா-மேட்டிக்' போன்ற பெட்டிகளின் பக்கத்தில் 'மாடுலேட்டர்' என்று ஒரு சின்ன டப்பா இருக்கும். என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று கியர் பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. என்ஜினிலிருந்து வரும் மெல்லிய குழாய் அதிலுள்ள காற்றை உறிஞ்சும். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. வயதாகி அது கிழிந்தால், என்ஜின் அந்தக் குழாய் வழியாகக் கியர் எண்ணெயையே உறிஞ்சி எரித்துவிடும்!

கண்டுபிடிப்பது சுலபம். என்ஜினை நிறுத்தி, சூடு ஆறியபின் டப்பாவிலிருந்து குழாயை உருவிப் பார்க்க வேண்டும். குழாய்க்குள் எண்ணெய் நனைந்திருந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமலே புது டப்பாவை மாட்டிவிடலாம்.

குழாயில் வெடிப்பு விழுந்து காற்றுப் புகுந்தாலும் கியர் உதறும். அப்போது குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

எச்சரிக்கை

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் புகக் கூடாது. உறுதியான தாங்கிகள் கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். சூடான எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். எண்ணெயிலும் பல ரகம் உண்டு. புத்தகம் சொல்லும் ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும்.

நாடி பார்க்காமல் வைத்தியர் கத்தியை எடுப்பதில்லை. கியர் பெட்டிக்கு நாடி, அந்த அளவுக் கம்பி. அதைப் பார்த்த பிறகு ஸ்பானரை எடுக்கலாம்!