பொம்மைப் போர்க்களம்

போர்க்களத்தை மேசைமீதோ தரைமீதோ சிற்றுருவில் அமைத்து ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. இதற்கு விதிகள் வகுத்து 1913-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டவர், ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆவார்.

இவ்விளையாட்டுக்கு வேண்டிய வீரர்களை வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் புதுமுறையில் வார்த்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றுவர். புறப்பகுதி இறுகியவுடன் எஞ்சியதை வெளியே கொட்டிவிடுவர். உள்ளே கூடாக அமைவதால் ஈயமும் விலையும் குறைந்தன. பொம்மைகளைச் சேர்ப்போர் பெருகினர். வீரனின் உயரம் 54 மில்லிமீட்டர்; அஃதாவது, மனிதனின் உயரத்தில் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்கு.

களமும் அவ்வளவுக்கு ஏற்ப அமைதல் வேண்டும். வீட்டின் வாயில் வீரனைவிடச் சற்றே உயர்ந்தும், மரம் கூரையைவிட உயர்ந்தும் நின்றால்தான் காட்சி மெய்போல் தோன்றும். வெல்ஸ் அட்டையால் வீடுகள் செய்தார். சுள்ளிகளை நட்டுக் காடாக்கினார். சுண்ணக்கட்டியால் கோடிட்டு ஆறு வரைந்தார். ஒவ்வொரு முறையும் காலாள் ஓரடியும், குதிரைவீரன் ஈரடியும் நகரலாம். பொம்மைப் பீரங்கி சிறு மரத்துண்டை எய்யும். அது பட்டுச் சாய்ந்த வீரன் இறந்தவனாவான்.

ஆட்டம் முடிந்ததும், இறந்தோர் அனைவரையும் எடுத்து நிறுத்தி மீண்டும் ஆடலாம். இவ்விளையாட்டைச் சிலமுறை ஆடியவர், மெய்ப்போரின் அறியாமையை உணர்வர் என்பது வெல்ஸின் கருத்து. எனினும், அடுத்த ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. அக்களத்தில் சாய்ந்த வீரரை மீண்டும் எடுத்து நிறுத்த எவராலும் இயலவில்லை.