மாடியிலே படங்கள், கீழே பெரியம்மா

ஒரே வீட்டில் இரண்டு கணனிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ரௌட்டரிலிருந்துதான் இணையத்தைப் பெறுகின்றன. எனினும் ஒன்றிலுள்ள கோப்பை மற்றொன்றிலிருந்து திறக்க முற்பட்டால், அப்படியொரு கணனி இவ்வீட்டில் இல்லவேயில்லை என்று அது சாதித்துவிடுகிறது. வாசகர்களுட் பலர் இதனை அனுபவித்திருப்பர். நமக்கோ இஃது மிகவும் இக்கட்டான ஒரு வாரத்தில் வந்து வாய்த்தது.

நமது தாயார் காலமாகி மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. முப்பத்தோராம் நாளுக்கு முன் கல்வெட்டு அச்சாக வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் படங்கள் வந்து சேராவிடின் நாள் தவறிவிடும் என்று அச்சகத்தார் கூறிவிட்டனர். படங்களெல்லாம் வெள்ளவத்தை வீட்டு மாடியறையிலுள்ள பழைய கணனியில் இருந்தன. குடும்ப அல்பங்களைக் கறையான் தின்னத் தொடங்கிய காலத்தில், தகப்பனார் ஒவ்வொரு படமாக ஸ்கான் செய்து, ஏறக்குறைய நாலாயிரம் படங்களை அதிற் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். அசல்கள் இன்று இல்லை. முகம் பார்த்து இன்னார் இன்னார் என்று சொல்லக்கூடியவர் பெரியம்மா ஒருவரே. அவருக்கு வயது எண்பத்தேழு. முழங்கால் வருத்தத்தால் மாடிப்படி ஏற இயலாது.

பென் டிரைவில் ஏற்றிக் கீழே கொண்டுவரலாகாதோ என்று வாசகர் கேட்கலாம். தகப்பனார் பெரிய அளவில் ஸ்கான் செய்திருந்தமையால் அனைத்தும் 100 கிகாபைட்டுக்கு மேல் இருந்தன. கையிலிருந்த பென் டிரைவோ 16 கிகாபைட். கனடாவிலிருந்து வந்திருந்த பெறாமகன் சிறிது சிறிதாகக் கொண்டுவந்தான். "உதில்லை மோனை, அவள் கிணத்தடியிலை நிக்கிற படம்" என்பார் பெரியம்மா. மறுபடியும் மாடி. ஆறாம் முறை ஏறி இறங்கியபின், படங்கள் உள்ள கோப்புறையைப் பகிர்வுக்கு விட்டு, தனது லப்டொப்பில் அவரே பார்க்கும்படி செய்யலாம் என்றான். நல்ல யோசனைதான். ஆனால் லப்டொப்பின் கண்ணுக்கு மாடிக் கணனி புலப்படவேயில்லை.

விண்டோஸ் கணனிகள் கோப்புகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பேச்சுமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றி, பின்னர் மைக்ரோசொப்ட்டினால் வளர்க்கப்பட்டது. பேசுவதற்கு முன் இருவரும் ஒரே முற்றத்தில் நிற்க வேண்டுமன்றோ? அங்கேதான் முதற்பிழை இருந்தது. இரண்டு கணனிகளிலும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஐபிகொன்பிக்' என்ற கட்டளையை இட்டுப் பார்த்தோம். மாடிக் கணனியின் முகவரி 192.168.1.14, லப்டொப்பினதோ 192.168.5.23. சாதாரண வீட்டு வலையமைப்பில் முதல் மூன்று எண்களும் ஒத்திருக்கும். (169.254 என்று தொடங்குமாயின் ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று கொள்க.) பெறாமகன் வந்திறங்கிய அன்று, விருந்தினருக்கென ரௌட்டரில் உள்ள தனிப் பெயரையே நாம் அவனுக்குக் கொடுத்திருந்தோம். விருந்தினர் இணையத்தைப் பெறலாம், வீட்டுக் கணனிகளைக் காணலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். தாயின் காரியத்துக்கு வந்த பேரனை நாமே விருந்தாளியாக்கி வெளித்திண்ணையில் நிறுத்தியிருந்தோம்!

வீட்டு வலையமைப்புக்கு மாற்றிய பின்னும் மாடிக் கணனி மௌனமாகவே இருந்தது. அது தன் வலையமைப்பைப் 'பொது' என்று குறித்து வைத்திருந்தது. தேநீர்க்கடையிலோ விமான நிலையத்திலோ இணையும்போது கணனி தன்னை மறைத்துக்கொள்வதற்குரிய குறிப்பு அது. அமைப்புகளிற் சென்று 'தனிப்பட்டது' என மாற்றி, கோப்புப் பகிர்வையும் அனுமதித்தோம். அப்போதும் பட்டியலில் அதன் பெயர் தோன்றவில்லை. ஆனால் கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளையும் அடுத்து 192.168.1.14 என்ற எண்ணையும் தட்டியவுடன் கதவு தட்டப்பட்டது. பட்டியலிற் பெயர் தோன்றாமை வேறு, கணனியை அணுக முடியாமை வேறு. பெயரை அறிவிக்கும் சேவை உறங்கிக்கொண்டிருந்தாலும் கதவு வேலை செய்யும். இதனை அறியாமல் பட்டியலையே பார்த்துக்கொண்டு அரைநாளைக் கழிப்போர் பலர். நாமும் ஒரு மணி நேரம் கழித்தோம்.

கதவு பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பெறாமகன் தன் லப்டொப்பைத் திறக்கும் பின் இலக்கத்தைக் கொடுத்தான், மறுக்கப்பட்டது. பின் இலக்கம் அந்தந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. கேட்கப்படுவதோ மாடிக் கணனியில் உள்ள ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். தகப்பனாரின் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது. அத்தகைய கணக்கை, விசைப்பலகைக்கு முன் அமர்ந்தவருக்கன்றி, வலையமைப்பு வழியாக வருபவருக்கு விண்டோஸ் திறப்பதில்லை.

"சித்தப்பா, பயர்வோலையும் நிப்பாட்டி, பழைய எஸ்.எம்.பி. ஒண்டையும் போட்டுப் பாப்பமே?" என்றான் பெறாமகன். அவ்வாறு எவரோ எழுதியிருந்ததைப் படித்திருக்கிறான். நாம் இணங்கவில்லை. எஸ்.எம்.பி.யின் முதலாம் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12ஆந் திகதி 'வனாக்ரை' என்னும் கிருமி உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளரின் சந்திப்புகள் இரத்தாயின. அவ்வோட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது என்பதுதான் பரிதாபம். நாலாயிரம் படங்களுக்கும் வேறு பிரதி இல்லாத கணனியில் அத்தகைய பரீட்சை வேண்டாம் என்றோம். அதனிலும் எளிய வழி ஒன்று இருந்தது. மாடிக் கணனியில் புதுக் கணக்கு ஒன்றை ஆக்கி, அதற்குக் கடவுச்சொல்லும் இட்டோம்.

இம்முறை உள்ளே போயிற்று. படக்கோப்புறை மட்டும் 'அனுமதி இல்லை' என்றது. பகிர்வுக்கென ஓர் அனுமதி, வட்டில் உள்ள கோப்புறைக்கென மற்றோர் அனுமதி என இரண்டு உண்டு. இரண்டிலும் எது குறுகியதோ அதுவே செல்லும். பகிர்வில் எல்லோருக்கும் இடம் கொடுத்திருந்தோம். கோப்புறையோ தகப்பனாரின் கணக்குக்கு மட்டுமே உரியதாக இருந்தது. புதுக் கணக்குக்கு அங்கு வாசிக்கும் உரிமையை மாத்திரம் வழங்கினோம். அழிக்கும் உரிமையை வேண்டுமென்றே விலக்கினோம். வலையமைப்பு வழியாக அழிக்கப்படும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனால் போனதுதான். பெரியம்மாவின் விரல் நடுங்கும்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு லப்டொப் சாப்பாட்டு மேசையில் வைக்கப்பட்டது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிணற்றடிப் படம் ஒன்பது மணிக்கு மேல் அகப்பட்டது. கல்வெட்டின் முதற்பக்கத்துக்கென நாம் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்த படம், நல்லூர்த் திருவிழாவில் எடுத்தது, அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. பெரியம்மா நெடுநேரம் அதைப் பார்த்திருந்தார்.

"இது கொம்மா இல்லை. இது நான்" என்றார்.

கிணற்றடிப் படமே முதற்பக்கத்துக்குப் போயிற்று. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அச்சகத்தாரிடம் ஒப்படைத்தோம். மாடிக் கணனியில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. ஆதலால் காரியம் முடிந்த மறுநாள் வெளி வட்டு ஒன்றை வாங்கி, நாலாயிரம் படங்களையும் அதிற் பிரதி செய்து, பெரியம்மாவின் அலுமாரியில் வைத்தோம்.