மெத்தையை மாற்றுவது எப்போது? அதில் படுப்பது யார்?

ஒரு லயக் காம்பராவின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. ஆறடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு மெத்தையை அதற்குள் போட்டால் காம்பராவில் கால்வாசி நிறைந்துவிடும். ஆகவே பசறை, தெமோதரை, ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஊவாவின் எந்தப் பக்கம் போனாலும் பல வீடுகளில் ஒரு கட்டிலும் ஒரு மெத்தையும் இருப்பதே வழக்கம். மற்றவர்களுக்குப் பாய், சாக்கு, பழைய கம்பளி.

அந்த ஒரு மெத்தையில் படுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர், மாமனார், படிக்கின்ற மகன், வந்திருக்கும் விருந்தாளி எனப் பதில்கள் வரும். எல்லோருக்கும் முந்தி எழும்பி எல்லோருக்கும் பிந்திப் படுக்கின்ற பெண்ணின் பெயர் அந்த வரிசையில் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். அவள் அடுப்படிப் பக்கம் தரையில் படுத்திருப்பாள். மெத்தை பழுதாகிவிட்டதா, மாற்ற வேண்டுமா, எதை வாங்குவது என்ற கேள்விகளையெல்லாம் இந்த இடத்திலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

உறக்கமும் உழைப்பும்

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடல் சரிவில் நின்று வேலை செய்கிறது. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். அந்தப் பாரம் நெற்றியிலும் கழுத்திலும் தொங்கி முதுகில் இறங்குகிறது. வேலை முடிந்து வந்த பின்னர் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள். வீட்டிலும் மலையிலும் இரட்டைச் சுமை சுமக்கின்ற முதுகுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு இரவில் படுத்திருக்கும் ஆறு ஏழு மணித்தியாலம் மாத்திரமே. அந்த நேரமும் குளிர் ஊறும் சீமெந்துத் தரையிலோ நடுவே குழி விழுந்த மெத்தையிலோ கழிந்தால் மறுநாள் முதுகு ஆறாமலேயே மலைக்கு ஏறுகின்றது. ஆகவே நல்ல படுக்கையை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. மண்வெட்டிக்குப் பிடி போடுவதைப் போல அதுவும் உழைப்புக்குத் தேவையான ஒன்றாகும்.

யுத்தம் பறித்த படுக்கை

எமது வாசகியருக்குப் படுக்கை என்ற சொல் இன்னொன்றையும் நினைவூட்டும். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களில் ஏராளமானோர் 2009 இல் மீண்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினர். செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை அங்கே தறப்பாள் விரிப்பே படுக்கையாக இருந்தது. ஊவாவில் இருந்தவர்களும் நிம்மதியாக உறங்கவில்லை. 1983 யூலையில் பதுளை நகரம் எரிந்ததையும் 2000 ஒக்டோபர் 25 அன்று பிந்துனுவெவ முகாமில் நடந்த கொலைகளையும் கண்டவர்களும் கேட்டவர்களும் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர்.

இப்படிப் பல தடவை ஓடியவர்கள் தூக்க முடியாத பொருள்களை வாங்கத் தயங்குகின்றனர். பாயைச் சுருட்டலாம், மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியாது என்ற எண்ணம் மனதின் அடியில் இருக்கின்றது. அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஓட வேண்டிய அவசியம் இல்லாத இரவிலும் உடலைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் பிரித்து அறிய வேண்டும். கெட்ட கனவும் திடுக்கிட்டு விழிப்பதும் மெத்தையால் வருவதில்லை. புது மெத்தையால் போவதுமில்லை. அதற்கு வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசுவதே வழி. அதேபோல் முதுகு வலியோடு கால் மரத்துப் போதல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், உடல் மெலிதல் என்பன இருந்தால் மெத்தைக் கடைக்குப் போகாமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

மாற்ற வேண்டிய அடையாளங்கள்

ஸ்பிரிங் மெத்தை ஏழு முதல் பத்து வருடம் வரையும், சாதாரண ஸ்பொஞ் மெத்தை அதைவிடக் குறைவாகவும் பயன்படும் என்பர். ஆனால் நாலு பேர் படுக்கும் மெத்தைக்கு வருடக் கணக்கு பொருந்தாது. அடையாளங்களைப் பார்ப்பதே நல்லது.

1. காலையில் எழும்பும்போது இடுப்பு விறைத்திருந்து, நடமாடி ஒரு மணித்தியாலத்தில் தளர்கின்றதா? வேறு வீட்டில் படுத்தால் அந்த விறைப்பு இல்லையா? அப்படியானால் குற்றம் படுக்கையில் இருக்கலாம்.

2. விளக்குமாற்றுத் தடியை மெத்தையின் குறுக்கே வையுங்கள். தடிக்கும் மெத்தைக்கும் இடையில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் முதுகெலும்பு இரவு முழுவதும் வளைந்தே கிடக்கின்றது.

3. ஸ்பிரிங் கம்பி அல்லது கட்டில் பலகை உடலில் குத்துகின்றதா?

4. வெயிலில் போட்ட பின்னும் பூஞ்சண வாசமும் கறுப்புப் புள்ளியும் போகவில்லையா? படுத்ததும் தும்மலும் இழுப்பும் வருகின்றனவா? இழுப்பு நோயுள்ள பிள்ளையிருந்தால் அந்த மெத்தையை வைத்திருக்கவே கூடாது.

5. வெள்ளத்திலோ சேற்றிலோ ஊறியதா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை மோசமாகத் தாக்கியது. வெள்ளம் புகுந்த வீட்டு மெத்தையின் மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே மலசலக் கழிவும் பூஞ்சணமும் தங்கிவிடும். அதை எறிவதே பாதுகாப்பானது. நிவாரணமாகக் கிடைக்கும் பழைய மெத்தையையும் தையலோரங்களில் விரித்துப் பார்த்து, மூட்டைப்பூச்சி இல்லையென்று கண்ட பின்னரே வீட்டுக்குள் எடுக்க வேண்டும்.

காசு சேரும் வரை

குழி மட்டும் இருந்து மெத்தை சுத்தமாக இருந்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம். தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புங்கள். கட்டில் பலகைகளுக்கிடையில் அகன்ற இடைவெளி இருந்தால் இன்னும் இரண்டு பலகை அடிக்கச் சொல்லுங்கள். பல வேளைகளில் தொய்ந்திருப்பது மெத்தையல்ல, கட்டில்தான். பக்கவாட்டாகப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவிலும், நிமிர்ந்து படுப்பவர்கள் முழங்காலுக்குக் கீழும் ஒரு தலையணையோ சுருட்டிய சேலையோ வைத்தால் இடுப்புக்குச் சுகம் தெரியும்.

இலவம் பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். உறையைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை வெயிலில் காய வைத்து உதறி, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைக்கலாம். ஊவாவில் இதற்கு ஏற்ற காலம் கச்சான் காற்று வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களாகும். வடகீழ்ப் பருவ மழை தொடங்கிய பிறகு பஞ்சு காயாது.

எந்த மெத்தை நல்லது?

முதுகு வலிக்குக் கல் போன்ற மெத்தை வேண்டும் என்று பலரும் சொல்வர். ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரிடம் 90 நாட்கள் நடத்திய ஆய்வொன்று 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. அதாவது அமிழவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

இலவம் பஞ்சு: மெல்லிய சூடு தரும், திரும்பச் செப்பனிடலாம். ஈரம் பட்டுக் கட்டிபடுவது இதன் குறை.

தும்பு மெத்தை: தென்னந்தும்பில் றப்பர் பால் சேர்த்துச் செய்வது. கடினமானது, காற்றோட்டம் உள்ளது. மெலிந்த உடம்புக்கு மேலே ஒரு பருத்தி விரிப்பு அல்லது கம்பளி தேவைப்படும்.

ஸ்பொஞ் மெத்தை: விலை குறைவு, தூக்குவது சுலபம். தரத்தை எடையால் அறியலாம். ஒரே அளவுள்ள இரண்டில் பாரமானதே பொதுவாக நீடித்து உழைக்கும். முட்டிக்கையால் அழுத்தி எடுத்ததும் மெத்தை உடனே நிமிர வேண்டும்.

இயற்கை றப்பர் மெத்தை: ஊவா மாகாணத்தின் மொனராகலையிலும் விளைகின்ற றப்பரின் பாலிலிருந்து செய்யப்படுவது. நல்ல தாங்குதல் உண்டு, நீண்ட காலம் வரும். விலை அதிகம், பாரமும் அதிகம்.

ஸ்பிரிங் மெத்தை: நல்லது நல்லதுதான். மலிவான ஸ்பிரிங் சீக்கிரம் தொய்ந்துவிடும்.

கடையில் வெட்கப்பட வேண்டாம்

மெத்தையை வாங்க அதில் படுக்கப்போகும் பெண்ணே நேரில் போக வேண்டும். மற்றவர் கையால் அழுத்திப் பார்த்து வாங்கி வருவது அவளுடைய இடுப்புக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. துணைக்கு ஓர் அக்காவையோ மகளையோ கூட்டிப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் படுங்கள். கடைக்காரர் அதற்குப் பழகியவர்தான்.

நிமிர்ந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். கை லேசாகப் போய் வெற்றிடம் தெரிந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். கையே நுழையாவிட்டால் மெத்தை மெதுமை. உராய்ந்து நுழைந்தால் சரி. பிறகு பக்கவாட்டாகப் படுத்துத் தோளும் இடுப்பெலும்பும் நோகின்றதா என்று கவனியுங்கள். போவதற்கு முன் கட்டிலின் உள்ளளவை நூலால் அளந்து எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.

விலையையும் இரவுக் கணக்கில் பாருங்கள். 27,000 ரூபா மெத்தை எட்டு வருடம் வந்தால் ஓர் இரவுக்கு 9 ரூபா சொச்சம். 9,000 ரூபாவுக்கு வாங்கிய மெல்லிய ஸ்பொஞ் ஒரே வருடத்தில் அமிழ்ந்தால் ஓர் இரவுக்கு 25 ரூபா. மலிவு என்று வாங்கியதே கூடுதல் செலவு.

ஆனால் 27,000 ரூபாவை எங்கே தேடுவது? 1350 ரூபா நாட்சம்பளத்தில் அது 20 நாள் உழைப்பு. 1750 ரூபா என்றாலும் 15 நாளுக்கு மேல். அதனால்தான் வேனில் கொண்டுவந்து தவணைக்குக் கொடுப்பவர்களிடம் பெண்கள் அகப்படுகின்றனர். அதே மெத்தைக்கு மாதம் 1,500 ரூபா வீதம் 24 மாதம் கட்டினால் 36,000 ரூபா. மேலதிகமாகப் போகும் 9,000 ரூபா எத்தனை நாள் கொழுந்து என்று கையெழுத்திடும் முன் எண்ணிப் பாருங்கள். நுண்கடன் எடுத்து வாங்குவது அதைவிட ஆபத்தானது. தெரிந்த பெண்கள் சேர்ந்து போடும் சீட்டும், தீபாவளி முற்பணத்தில் துணிமணிக்கு முன் ஒதுக்கும் ஒரு பங்கும் இதற்கு உகந்த வழிகள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மெத்தையை வெறும் சீமெந்துத் தரையில் போட்டால் அடியில் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கட்டில் இல்லாவிட்டால் செங்கல்லின் மேல் பலகை அடுக்கி இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள். மூட்டைப்பூச்சிக்குத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்தை அடிக்கவே வேண்டாம். இரவு முழுவதும் அதன் நஞ்சைச் சுவாசிக்க நேரும். விரிப்புகளைக் கொதிநீரில் அவித்து, கட்டில் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள். ஸ்பொஞ் மிக விரைவில் தீப்பற்றி நச்சுப் புகை விடும். குப்பி விளக்கு, மெழுகுதிரி, நுளம்புச் சுருள் என்பவற்றை மெத்தைக்கு அருகே வைக்கக்கூடாது.

கைக்குழந்தையை அமிழும் மெத்தையிலோ தலையணைக்கு அருகிலோ கிடத்த வேண்டாம், மூச்சு அடைபடும். சமமான, உறுதியான விரிப்பில் நிமிர்த்திக் கிடத்துங்கள். யுத்தத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்களுக்கு எந்த மெத்தையும் போதாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிவிட்டு, பிட்டம், இடுப்பெலும்பு, குதிக்கால் ஆகிய இடங்கள் சிவந்துள்ளனவா என்று தினமும் பார்க்க வேண்டும். காற்று மெத்தைக்கு உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவரைப் புரட்டித் தூக்குகின்ற பெண்ணின் முதுகையும் வீட்டார் நினைக்க வேண்டும்.

வீட்டில் பேசுங்கள்

மாதவிலக்கு நாட்களில் தனிப்பாய், பிள்ளை பெற்ற பின்னும் தரை, வயதானால் இஸ்தோப்பு மூலை என்று ஒரு பெண்ணின் படுக்கை வாழ்நாள் முழுவதும் மற்றவர்களால் தீர்மானிக்கப்படுகின்றது. உடல் அதிகமாக நோகின்ற அந்தக் காலங்களில்தான் அவள் கட்டிலிலிருந்து இறக்கப்படுகிறாள். இந்த வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் இடுப்பு நோகும் நாட்களில் கட்டில் யாருக்கு, பிள்ளைத்தாச்சிக்கு எந்த இடம், இரண்டாவது மெத்தை வாங்கினால் யாருக்கு என்று சாப்பிட்ட பின் எல்லோரும் இருக்கையில் பேச்செடுக்கலாம். ஆண் பிள்ளைகளும் கேட்கும்படி பேசுவது நல்லது.

ஆறடிக்கு மூன்றடி மெத்தைக்கு 18 சதுர அடி இடம் போதும். பகலில் அதைச் சுவரில் சாய்த்துவிடலாம். இரண்டு மெத்தை வாங்க வசதியில்லாத வீட்டில் ஒரு மெத்தையை முறை வைத்துப் பகிரலாம். அந்த முறையில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அதை நீங்களே சொல்ல வேண்டும்.