கொல்லை முருங்கையும் முதியோர் கண்ணும்

கடலை எண்ணெயை மூடாமல் வைத்தால் நாளடைவில் காறல் வாடை அடிக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயின் கொழுப்பைத் தாக்குவதே இதற்குக் காரணம். நம் உயிரணுக்களிலும் ஏறத்தாழ இதே வேலை நடைபெறுகிறது. உண்ட உணவை ஆக்ஸிஜனுடன் சேர்த்து எரித்துச் சக்தி பெறும்போது நிலையற்ற சில துணுக்குகள் உண்டாகின்றன. இவை உயிரணுவின் மேலுறையையும் மரபுப் பொருளையும் சேதப்படுத்துகின்றன. இச்சேதம் சேர்ந்து வருவதால்தான் முதுமை வருகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956-ல் கூறினார். முதுமைக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது பின்னர் தெரிய வந்தது.

இத்துணுக்குகளை அடக்கவல்ல வைட்டமின் 'சி', வைட்டமின் 'ஈ', கரோட்டின், லுட்டீன் முதலியவை கீரை, காய், கனிகளில் உள்ளன. "அப்படியானால் மாத்திரையாகவே விழுங்கிவிடலாமே?" என்று சிலர் கேட்கலாம். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-ல் வெளிவந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற மற்றோர் ஆய்வை 1996-ல் முன்னதாகவே நிறுத்த நேர்ந்தது. ஆகவே பீடி, சுருட்டுப் பழக்கமுள்ளவர்கள் இம்மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. உணவாக உண்ணும் கீரைக்கு இந்தத் தடை இல்லை.

கண்ணுக்கு வருவோம். விழித்திரையின் நடுவில் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று உண்டு. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான். அதற்கு மஞ்சள் நிறம் தருபவை லுட்டீனும் ஸியாசாந்தினும். உடல் இவற்றைத் தானே தயாரிப்பதில்லை, உணவிலிருந்துதான் பெறவேண்டும். முதுமையில் இப்பகுதி நலிந்தால் நேர்ப்பார்வை மங்கும். நோய் ஓரளவு முற்றியவர்களுக்கு, அது மேலும் முற்றுவதைத் தாமதிக்கும் மாத்திரையைக் கண் மருத்துவர் தருவதுண்டு. அதில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக இவ்விரண்டையும் சேர்க்கலாம் என்று 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கண்புரை வேறு, அதற்கு அறுவை சிகிச்சையே வழி. கீரையை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முருங்கைக் கீரையில் கரோட்டினும் லுட்டீனும் மிகுதி. ஆனால் காயைச் சந்தைக்கு அனுப்பும் பல வீடுகளில் கீரை ஆட்டுக்குப் போகிறது! கரோட்டினும் லுட்டீனும் கொழுப்பில் கரைபவை. ஆகவே கீரையைக் கொஞ்சம் எண்ணெயில் தாளித்தோ தேங்காய் சேர்த்தோ உண்டால்தான் உடலில் நன்கு சேரும். வைட்டமின் 'சி' சூட்டில் அழியும். அதற்குக் கொய்யாவையும் நெல்லியையும் பச்சையாகத் தின்னலாம்.

குளியல் நீர் ஓடும் இடத்தில் பொன்னாங்கண்ணித் தண்டுகளை நடலாம். சற்று மேடான இடத்தில் 45 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி எடுத்து, தொழுஉரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, பி.கே.எம்.1 முருங்கை விதையை ஊன்றவும். ஒன்றுக்கு மேல் நட்டால் இடைவெளி 2.5 மீட்டர். செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கீரை கைக்கெட்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

மழைக்காலத்தில் கம்பளிப்புழு தண்டில் கூட்டமாக அடையும். வீட்டுக்குக் கீரை பறிக்கும் மரத்தில் மருந்து அடிக்காமல், தீப்பந்தத்தால் புழுக்களைக் கருக்கிவிடலாம். கீரை மிஞ்சினால் நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். வெயிலில் காயவைத்தால் கரோட்டின் பெரும்பகுதி வீணாகும்.